குற்றத் தொடர்களின் தலைப்புக் காட்சியும் மருட்கையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தொலைக்காட்சித் தொடரின் கதை தொடங்குவதற்கு முன்னர், தொடரின் பெயரும் அதில் பங்குகொண்டோர் பெயர்களும் இசையோடும் படங்களோடும் காட்டப்படும் பகுதி தலைப்புக் காட்சி எனப்படும். இது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை நீடிக்கும். கதையின் நிகழ்ச்சி எதுவும் இதில் நடைபெறுவதில்லை. எனினும், கொலை, களவு, மறைவு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட தொடர்களில், பார்வையாளரின் மனக்கலக்கம் இப்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. நிகழ்ச்சியே இல்லாத ஓரிடத்தில் கலக்கம் எவ்வாறு பிறக்கிறது என்பதும், அக்கலக்கத்தில் மொழிக்குள்ள பங்கு யாது என்பதும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரம் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு மொழியில் அச்சம் தரும் சொல் மற்றொரு மொழியில் வெறும் சொல்லாக நின்றுவிடுவதை இங்குத் தெளிவாகக் காண இயலும். ஆகவே மொழிபெயர்ப்பாளர்க்கும் இக்களம் பயன் தருவதாகும்.

1. அச்சமா, மருட்கையா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நந்நான்காக வகுத்துள்ளார். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, களவு செய்வோர், தண்டிக்கும் அரசு என இவற்றை விரிக்கலாம். இந்நான்கும் இன்றைய குற்றத் தொடர்களிலும் இடம்பெறுகின்றன. கள்வரும் காவல்துறையும் கதையின் உறுப்புகள். காக்கை, பாம்பு, குதிரை போன்ற விலங்குகளும் தெய்வ உருவங்களும் தலைப்புக் காட்சிக்கு ஏற்ற படங்கள்.

ஆயினும் தலைப்புக் காட்சி தரும் உணர்வை முழு அச்சம் எனக் கூறுதல் பொருந்தாது. அச்சத்திற்கு அஞ்சப்படும் பொருள் ஒன்று வேண்டும். தலைப்புக் காட்சியிலோ அப்பொருள் இன்னும் காட்டப்படவில்லை. ஏதோ சரியில்லை என்ற உணர்வே அங்கு உண்டு. மெய்ப்பாட்டு வரிசையில் அச்சத்திற்கு நேர் முன்னே வைக்கப்பட்டுள்ள மருட்கை இவ்விடத்தில் கருதத்தக்கது. மருட்கை பொதுவாக வியப்பு எனப் பொருள் கொள்ளப்படினும், ‘மருள்’ என்னும் அடி மயக்கத்தையும், சாமியாடுவோர் அடையும் தன்னிலை மறப்பையும் குறிக்கும். மருட்கையின் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. இவற்றுள் ஆக்கம் என்பது ஒரு பொருள் திரிந்து வேறொன்றாதல் என விளக்கப்படும்.

தலைப்புக் காட்சியின் உத்திகள் இந்நான்கினுள் அடங்கும். அறியாத இடத்தைக் காட்டுதல் புதுமை. சிறு பொருளைத் திரை முழுதும் பெரிதாக்கிக் காட்டுதல் பெருமை. பரந்த நிலத்தில் ஒரு மனிதரைப் புள்ளியாகக் காட்டுதல் சிறுமை. ஒரு படத்தை மற்றொரு படத்துள் கரையச் செய்தல் ஆக்கம். பார்வையாளர் மயங்குகிறார், அம்மயக்கத்தின் காரணத்தைத் தேடுகிறார், தேடியது கிடைக்கும் முன் கதை தொடங்கிவிடுகிறது. மருட்கை அச்சமாக மாறுதற்கு முந்தைய இந்நிலையையே மனக்கலக்கம் என்று இக்கட்டுரை குறிக்கிறது.

2. தலைப்புக் காட்சி வளர்ந்த முறை

தொடக்கத்தில் தலைப்புக் காட்சி பெயர்ப்பட்டியலாகவே இருந்தது. 1950களில் திரைப்படத் தலைப்புகளை வடிவமைத்த சால் பாஸ் அதனைக் கதையின் முன்னுரையாக மாற்றினார். ஹிட்ச்காக் இயக்கிய ‘வெர்டிகோ’ (1958), ‘சைக்கோ’ (1960) ஆகியவற்றின் தலைப்புகள் அவருடையவை. முன்னதில் சுழலும் வளைகோடுகளும் பின்னதில் துண்டாகிப் பிரியும் எழுத்துகளும் இடம்பெற்றன. மனம் சுழல்வதும் பிளவுபடுவதும் கதை தொடங்கும் முன்னரே கண்ணுக்குக் காட்டப்பட்டன.

தொலைக்காட்சியில் இருவேறு மரபுகள் தோன்றின. அமெரிக்காவில் 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘டிராக்நெட்’ முதல் மரபுக்குச் சான்று. நான்கு சுரங்களாலான அதன் இசைத்தொடக்கமும், காணவிருக்கும் கதை உண்மை, பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன என்னும் பொருள்படும் அறிவிப்பும் புகழ்பெற்றவை. இங்குக் கலக்கம் மொழியால் விளைகிறது. பெயர் மாற்றப்பட்டது என்று கூறப்பட்டவுடன், மாற்றப்படாத பெயருடைய ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற எண்ணம் எழுகிறது. தமிழ் இதழ்களில் கதையின் இறுதியில் ‘யாவும் கற்பனை’ என அச்சிடும் வழக்கத்தையும் இதனோடு ஒப்பிடலாம். மறுப்பு, தான் மறுக்கும் பொருளை நினைவூட்டிவிடுகிறது.

மேற்கு ஜெர்மனியில் 1970ஆம் ஆண்டு தொடங்கிய ‘டாட்டோர்ட்’ இரண்டாம் மரபுக்குச் சான்று. ‘டாட்டோர்ட்’ என்பதற்குக் குற்றம் நிகழ்ந்த இடம் என்பது பொருள். இரு கண்கள், குறிபார்க்கும் வட்டக் கோடுகள், ஓடும் கால்கள் ஆகியவற்றாலான இதன் தலைப்புக் காட்சி பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகளாக ஒளிபரப்பாகி வருகிறது. ஓடுபவர் குற்றவாளியா, துரத்தப்படுபவரா என்பது கூறப்படுவதில்லை. முகம் மறைத்து உறுப்பை மட்டும் காட்டும் முறை இங்கு நிலைபெற்றது.

1990இல் வெளியான ‘ட்வின் பீக்ஸ்’ மற்றொரு வழியைக் காட்டியது. பறவை, மரம் அறுக்கும் ஆலை, அருவி ஆகியவை மெதுவான இசையோடு காட்டப்படும் அதன் தலைப்பில் குற்றத்தின் சாயலே இல்லை. கொலைக்கதை என்று அறிந்து அமர்ந்த பார்வையாளர்க்கு அவ்வமைதியே உறுத்தலாகிறது. 2006இல் தொடங்கிய ‘டெக்ஸ்டர்’ தொடரில், காலையில் ஒருவர் முகம் மழித்து உணவு சமைத்து உண்ணும் அன்றாடச் செயல்கள் மிக அருகிலிருந்து பெரிதாக்கிக் காட்டப்பட்டன. இறைச்சியை நறுக்குவது கொலைபோல் தோன்றியது. 2014இல் வெளிவந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ மனித உருவத்தினுள் நிலக்காட்சியைப் பதித்துக் காட்டியது. இவற்றுள் முன்னது பெருமைக்கும் பின்னது ஆக்கத்திற்கும் எடுத்துக்காட்டுகளாம்.

இந்தியாவில் தூர்தர்ஷன் வழியே ‘கரம்சந்த்’ (1985), பாசு சட்டர்ஜி இயக்கிய ‘பியோம்கேஷ் பக்ஷி’ (1993) ஆகிய துப்பறியும் தொடர்கள் பரவின. பின்னதற்கு இசையமைத்தவர் சித்தாரையும் மேனாட்டுக் கருவிகளையும் இணைத்துப் புகழ்பெற்ற ஆனந்த சங்கர். இந்தி அறியாத தென்னிந்திய வீடுகளிலும் இத்தகைய தொடர்கள் காணப்பட்டன. உரையாடல் விளங்காத இடத்தில் தலைப்பிசையே கதையின் தன்மையை அறிவித்தது. வாரந்தோறும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை நாளடைவில் ஒரு குறியாக மாறிவிடுகிறது. அடுக்களையில் இருப்பவரும் அதைக் கேட்டவுடன் கதைக்குரிய மனநிலையை அடைகிறார்.

3. சித்தூர், திருப்பதி: மொழிச்சூழல்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அதற்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் எழுந்த எல்லைச் சிக்கல் படாஸ்கர் பரிந்துரையால் தீர்க்கப்பட்டு, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரப் பிரதேசத்தில் நின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் பலமுறை மாறியபோதும் இருமொழி வழக்கு இவ்வட்டாரத்தில் மறையவில்லை. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு கற்றோர் இங்குப் பலர். 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமை இச்சூழலுக்கு இயைந்ததாகும்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும், 1995இல் ஈடிவி, ஜெமினி ஆகிய தெலுங்கு அலைவரிசைகளும் தொடங்கின. கேபிள் வழியே இருமொழித் தொடர்களும் ஒரே வீட்டில் காணக்கூடியனவாயின. தமிழ் பேசியும் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாதவர்க்குத் தலைப்புக் காட்சியின் எழுத்து வெறும் கோட்டுருவமே. இசையும் படமும் ஒலிக்கும் குரலுமே அவர்க்குத் தலைப்பாகின்றன.

குற்றக்கதைக்குரிய சொற்களில் இவ்விரு மொழிகளுக்கிடையே உள்ள போலி ஒப்புமைகள் குறிப்பிடத்தக்கவை. தெலுங்கில் ‘நேரம்’ என்பது குற்றத்தைக் குறிக்கும். தமிழில் அது காலம். தெலுங்கில் ‘அபராதம்’ என்பதும் குற்றமே. துப்பறிவாளரை ‘அபராத பரிசோதகுடு’ என்பர். தமிழில் அபராதம் குற்றத்திற்குச் செலுத்தும் தண்டப் பணம். தமிழில் ‘துப்பு’ பழைய நூல்களில் வலிமையைக் குறித்துப் பின் தடயம் என்னும் பொருளைப் பெற்றது. தெலுங்கில் ‘துப்பு’ இரும்பில் பிடிக்கும் துரு. ஆகவே தெலுங்குத் தலைப்பில் ‘நேரம்’ என ஒலிக்கக் கேட்கும் தமிழர் ஒரு கணம் காலத்தை எண்ணிப் பின்னரே குற்றத்தை உணர்வர். ‘மர்மம்’ என்னும் சொல்லோ இரு மொழிக்கும் பொது. உடலில் அடிபட்டால் உயிர் போகும் இடத்தைக் குறித்த வடசொல் இது. ‘வர்மம்’ என்பதும் இதன் வழிவந்ததே. மறைபொருள் என்னும் இன்றைய பொருளுக்கு அடியில், தொட்டால் கொல்லும் இடம் என்ற பழம்பொருள் தங்கியிருக்கிறது.

4. திரையும் வேடமும்

இவ்வட்டாரத்து மக்கள் தொலைக்காட்சிக்கு முன்பே முன்னறிவிப்புக் கலைகளை அறிந்தவர்கள். வட ஆர்க்காட்டிலும் சித்தூர்ப் பகுதியிலும் திரௌபதியம்மன், தர்மராசர் கோயில்களின் பாரதத் திருவிழாவில் கூத்து நிகழ்த்தப்படுகிறது. தமிழில் தெருக்கூத்து என்பதும் தெலுங்கில் வீதி நாடகம் என்பதும் சொல்லளவில் ஒரே பொருளன. இரவில் முதலில் மிருதங்கம், தாளம், முகவீணை முதலியன முழங்கக் களரி கட்டப்படும். கட்டியங்காரன் தோன்றுவான். பின்னர் முதன்மைப் பாத்திரம் வரும்போது இருவர் துணியொன்றைத் திரையாகப் பிடிப்பர். திரைக்கு மேல் கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய கால்களும் மட்டுமே தெரிய, பாத்திரம் தன்னைப் பற்றிப் பாடும். முகம் இறுதியிலேயே வெளிப்படும். துச்சாதனன் போன்ற பாத்திரங்களுக்கு இவ்வரவு அச்சமூட்டுவதாக அமையும்.

குரலை முன்னும் முகத்தைப் பின்னும் வைத்தல், உறுப்பைக் காட்டி உருவை மறைத்தல் ஆகிய இரண்டும் குற்றத் தொடர்களின் தலைப்பிலும் உள்ளன. இதனால் தலைப்புக் காட்சி கூத்திலிருந்து பிறந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். ‘டாட்டோர்ட்’ வடிவமைத்தோர் தெருக்கூத்தைக் கண்டவர் அல்லர். காண்போர் பழக்கமே இங்கு ஒப்பிடப்படுகிறது. மேலும் ஒரு வேறுபாடும் உண்டு. கூத்தில் முகத்திற்கு முன் பெயர் அறிவிக்கப்படுகிறது. வருபவன் யார் என்பதை அவை அறியும். எப்போது திரை விலகும் என்பதே கலக்கம். குற்றத் தொடரில் பெயரே மறைக்கப்படுகிறது.

திருப்பதியில் கோடையில் நிகழும் தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை இதனை மேலும் விளக்கும். ஊர்ப் பெண்களுக்குக் கொடுமை செய்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவின் உண்மை உருவைக் கண்டு ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் பல வேடங்களில் ஊரைச் சுற்றினாள். துரை வேடத்தில் வந்தபோது அவன் வெளிப்பட, அவன் தலையைக் கொய்தாள் என்பது ஜாத்திரைக் கதை. பைராகி, பண்டா, தோட்டி, தொர, மாதங்கி முதலிய வேடங்கள் அடுத்தடுத்த நாள்களில் புனையப்படுகின்றன. தெலுங்குத் ‘தொர’வும் தமிழ்த் ‘துரை’யும் ஒரே சொல். ‘தோட்டி’ இரு மொழிக்கும் பொது. ஆடவர் பலர் பெண்வேடம் பூண்டு நேர்த்திக்கடன் செலுத்துவர்.

இது குற்றம், தலைமறைவு, தேடல், தண்டனை என்னும் உறுப்புகளைக் கொண்ட கதை. ஆனால் அறிவின் பங்கீடு குற்றத் தொடரிலிருந்து நேர்மாறானது. ஜாத்திரையில் வேடத்துள் இருப்பவள் யார் என்பதை ஊர் அறியும். குற்றவாளி மட்டுமே அறியான். குற்றத் தொடரில் குற்றவாளி அறிவான், ஊர் அறியாது. தலைப்புக் காட்சி பார்வையாளரை ஊரின் இடத்திலிருந்து பெயர்த்து, எவ்வுருவில் எது வரும் என்று தெரியாது ஒளிந்திருந்த அப்பாளையக்காரனின் இடத்தில் வைக்கிறது. எவ்விதக் குற்றமும் செய்யாத பார்வையாளர் தேடப்படுபவரின் கலக்கத்தைப் பெறுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

5. ‘விடாது கருப்பு’: ஒரு தலைப்பின் இலக்கணம்

தமிழில் இவ்வகைத் தொடர்களுள் முதன்மையானது 1990களில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. இதன் பகுதியான ‘விடாது கருப்பு’ ஒரு சிற்றூரில் குற்றம் செய்வோர் தண்டிக்கப்படுவது காவல்தெய்வமாகிய கருப்பின் செயலா, மனிதர் செயலா என்னும் ஐயத்தைச் சுற்றி அமைந்தது. இறுதியில் விடை மனநோயியல் சார்ந்ததாகிறது.

இத்தலைப்பின் இரு சொற்களும் கலக்கத்தை உண்டாக்கும் முறை ஆராயத்தக்கது. முதலாவது, வினை முன்னும் எழுவாய் பின்னும் வந்துள்ளன. ‘விடாது’ என்று கேட்டவுடன் எது விடாது என்னும் வினா எழுகிறது. விடை ஒரு கணம் தாழ்ந்து வருகிறது. முகம் பின்னர்த் தோன்றும் கூத்தின் திரை போன்றதே இவ்வமைப்பு. மேலும், ‘விடாது’ வினைமுற்றாகவும் ‘விடாமல்’ என்னும் எதிர்மறை வினையெச்சமாகவும் நிற்கவல்லது. எச்சமாகக் கொள்ளின் தொடர் முடிவு பெறாது நிற்கும்.

இரண்டாவது, திணை. வழிபடுவோர் கருப்பசாமி, கருப்பர், கருப்பண்ணன் என உயர்திணையில் அழைத்து, ‘விடமாட்டார்’, ‘விடமாட்டான்’ என்பர். தலைப்போ அஃறிணை முடிபு கொண்டுள்ளது. ‘கருப்பு’ என்று மட்டும் கூறும்போது அது தெய்வமாகவும், நிறமாகவும், இருளாகவும் நிற்கிறது. ‘காத்துக் கருப்பு’ என்னும் பேச்சுவழக்கு, பெயரற்ற தீய ஆற்றலைக் குறிப்பது. அவ்வழக்கின் எதிரொலியும் தலைப்பில் சேர்ந்துகொள்கிறது. பெயரும் முகமும் உடைய காவலர், பெயரும் முகமும் இல்லாத ஒன்றாகத் திரிகிறார். மெய்ப்பாட்டியல் கூறும் ஆக்கம் இங்குத் திணைத் திரிபால் நிகழ்கிறது.

இத்திரிபு இலக்கணத்தோடு முடிவதன்று. ஒரு குடும்பத்திற்குக் குலதெய்வமாக, ஊர் எல்லையில் நின்று காப்பவராக இருப்பவர், அத்தெய்வத்தை அறியாத நகரத்துப் பார்வையாளர்க்கு அச்சத்தின் குறியாகிவிடுகிறார். 2022இல் வெளியான ‘சுழல்’ தொடர் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதைப் பின்னணியாகக் கொண்டது. அங்காளம்மனை வழிபடுவோர்க்கு அவ்விழா நோன்பும் நேர்த்திக்கடனும் ஆகும். எலும்பும் சாம்பலும் அங்குத் தீமையின் குறிகள் அல்ல. கங்கம்மாவின் கோர உருவமும் திருப்பதி மக்களுக்குத் தாயின் உருவமே. தலைப்புக் காட்சி ஒரு சமூகத்தின் வழிபாட்டுக் குறியைப் பெயர்த்தெடுத்துக் குற்றத்தின் குறியாக்கும்போது, அச்சமூகத்தார் தம் வீட்டிலிருந்தே அதனைக் காண்கின்றனர். தலைப்புக் காட்சி சில நொடியே நீடிப்பதால் விளக்கத்திற்கும் மறுமொழிக்கும் அதில் இடமில்லை.

6. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்வன

தொடர் ஒன்று வேற்றுமொழிக்குச் செல்லும்போது உரையாடல் முழுதும் மாற்றப்படுகிறது. தலைப்புக் காட்சியின் படமும் இசையும் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை. பெயர் மட்டும் மாற்றப்படுகிறது, அல்லது ஒலிபெயர்க்கப்படுகிறது. ‘விடாது கருப்பு’ என்பதைத் தெலுங்காக்க முயல்வோர்க்கு ‘விடுவது’ என்னும் எதிர்மறை வினை இனச்சொல்லாகக் கிடைக்கிறது. இதில் ‘து’ மெல்லொலியாகும். எழுத்தளவில் தமிழின் தொழிற்பெயர் போலத் தோன்றினும் பொருள் ‘விடாது’ என்பதே. ஆனால் கருப்புக்கு ‘நலுப்பு’ என்று நிறப்பெயரை இட்டால் தெய்வமும் ‘காத்துக் கருப்பும்’ மறைந்துவிடும். தெலுங்கில் காற்றைக் குறிக்கும் ‘காலி’ என்னும் சொல்லுக்குப் பேய் பிடித்தல் என்னும் வழக்கில் இடமுண்டு. அச்சொல்லை ஆண்டால் பேய் கிடைக்கும், காவல்தெய்வம் கிடைக்காது. ‘சுழல்’ என்பதற்குத் தெலுங்கில் ‘சுடி’ என்னும் இனச்சொல் உண்டு. தமிழ் ழகரம் தெலுங்கில் டகரமாதல் ‘கோழி - கோடி’, ‘ஏழு - ஏடு’ என்பவற்றிலும் காணப்படும். பொருள் நெருங்கியபோதும், நா மடிந்து எழும் ழகரத்தின் ஒலி அங்கு இல்லை.

இவற்றிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். தலைப்பை மொழிபெயர்க்கும் முன் தலைப்புக் காட்சியைப் பார்த்து, படமும் இசையும் ஏற்கெனவே கூறிவிட்டவற்றைச் சொல்லில் மீண்டும் கூறாதிருத்தல் முதலாவது. சொல்லின் பொருளோடு அதன் திணை, வரிசை, முடிவுபெறாமை ஆகியவற்றையும் பொருளாகக் கருதுதல் இரண்டாவது. வழிபாட்டுப் பெயர் வருமிடத்தில் அதனைப் பேய், பூதம் என்று பெயர்க்காமல் அப்பெயராகவே நிறுத்துதல் மூன்றாவது. பொருள் விளங்காத பெயரும் புதுமையால் மருட்கை தரும். பிழையாகப் பெயர்த்த பெயரோ ஒரு மக்கள் பிரிவின் தெய்வத்தையே மாற்றிவிடும்.

முடிவுரை

தலைப்புக் காட்சியின் மனக்கலக்கம் காட்டப்படும் கொடுமையால் பிறப்பதன்று. முகம், பெயர், எழுவாய், திணை ஆகியவற்றுள் ஒன்றைத் தாழ்த்தியோ மறைத்தோ திரித்தோ வைப்பதால் பிறக்கிறது என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். இசையும் படமும் இதனைச் செய்வது போலவே சொற்றொடரும் செய்கிறது. 2017 முதல் நெட்ஃபிளிக்ஸ் தலைப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானை வழங்கியது. பிற தளங்களிலும் அவ்வசதி பரவியது. களரி கட்டாமல் கூத்தைத் தொடங்குவது போன்றதே அவ்வாறு பார்ப்பது. படமும் இசையும் தாண்டப்படும்போது, கதைக்கு முன் பார்வையாளர்க்கு எஞ்சி நிற்பது தொடரின் பெயர் ஒன்றே. ஆதலின் முன்னர்ப் பல கலைஞர் பகிர்ந்துகொண்ட பணியின் பெரும்பகுதி இன்று பெயரிடுவோரிடமும் அப்பெயரை மொழிபெயர்ப்போரிடமும் வந்து சேர்ந்துள்ளது. சித்தூரில் தமிழ் பேசும் ஒரு வீட்டில் ‘நேரம்’ என்னும் தெலுங்குச் சொல் ஒலிக்கும்போது எழும் ஒரு கணத் தயக்கம், அப்பணியின் அருமையை உணர்த்தப் போதுமானதாகும்.